மணி அடித்தால் அம்சம்

எங்கள் தெருவில் ஆள் இருக்கிற வீடுகளைவிடப் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் அதிகம். பாபநாசத்தில் இறங்கி மினிபஸ் பிடித்து, குடமுருட்டிப் பாலம் தாண்டி வந்தால், கோயிலுக்கு வடக்கே இருக்கிறது எங்கள் தெரு. கிரானைட் படி, ஸ்டீல் கைப்பிடி, மாடியில் கண்ணாடித் தடுப்பு என்று வீடுகளுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. குடியிருக்கத்தான் ஆள் இல்லை. சிங்கப்பூர், துபாய், ஓசூர் என்று எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். கொசு கடிக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

அந்த வீட்டுச் சாவிகளெல்லாம் அம்சத்திடம் இருக்கின்றன. இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அதற்குள் கொத்தாகச் சாவிகள். எந்தச் சாவி எந்த வீடு என்று மேலே எழுதி ஒட்டவில்லை. கையை விட்டால் வேண்டியது வந்துவிடும்.

நான் மேகலா. அதே தெருவில் ஜாக்கெட் தைக்கிறேன். அம்சமும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்; அவளுக்கு வரவே வராது. அதனால்தான் இத்தனை வருஷம் சிநேகிதம் ஓடுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இரண்டு பேருக்கும் வந்திருந்தால் தெரு தாங்கியிருக்காது என்பது அவர் கணக்கு.

அம்சத்தின் அப்பா அம்மா இந்தத் தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். அவளும் கல்யாணமான புதிதில் நடவுக்குப் போனாள். இப்போது அவளே குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள். அவள் புருஷன் ரெத்தினம் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுப்பு எந்த ஜில்லாவில் நடக்கிறதோ அந்த ஜில்லாவில் இருப்பார். ஊருக்கு வந்தால் தூங்குவார். மீதி எல்லாம் அம்சம்தான்.

பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்வதென்றால் ஏதோ பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. குழாயைத் திறந்து துருத் தண்ணீரைப் போகவிட வேண்டும். கக்கூஸில் தண்ணீர் ஊற்றாவிட்டால் வீடே நாறிப்போகும். ஃபேனைச் சுற்றவிட வேண்டும். ஃபிரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாமல் இடுக்கில் குச்சி வைக்க வேண்டும். நிலைப்படியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து, வெள்ளிக்கிழமையானால் சாமி மாடத்தில் விளக்கு ஏற்ற வேண்டும். வீடு பூட்டியிருந்தாலும் வெள்ளிக்கிழமை இருட்டாகக் கிடக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காமல் போன் போட்டுக் கேட்பார்கள்.

அம்சத்திடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். விரல் முட்டியால் கதவைத் தட்டி, "அம்சம் வந்திருக்கேன்" என்று சொல்லி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் சாவியை வைப்பாள்.

"யாருக்குடி சொல்றே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள எலியோ வௌவாலோ இருந்தா ஒதுங்கிக்கட்டும்னுதான். திடுதிப்புன்னு தொறந்தா அதுங்களுக்கும் பதறுமில்ல?"

இப்படிப்பட்டவளின் தலையில்தான் அந்த மணி வந்து விழுந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி நீலாம்பாள் அம்மாவின் வீடு. அந்த அம்மா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே தெருவை ஆண்டவர். காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இளஞ்செழியன் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற கம்பெனியில் வேலை. பெண் வானதியைத் தாராசுரத்தில் கொடுத்திருக்கிறது. அம்மாவின் பாத்திர பண்டம் பெண்ணுக்குப் போவதுதான் எங்களிடம் வழக்கம். காரியம் முடிந்த கையோடு பெண் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் இளஞ்செழியனுக்கு லீவு முடிந்துவிட்டது. "அப்புறம் உக்காந்து பாத்துக்கலாம்" என்று சொல்லி, பரணும் அலமாரியும் இருந்தபடியே இருக்க வீட்டைப் பூட்டி, சாவியை அம்சத்திடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை.

போன வருஷப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்தான். வானதியும் வந்திருந்தாள். வாசலில் கோலம் போட்டு, அடுப்பு வைத்து, கரும்பு சாத்தியாயிற்று. வெண்கலப் பானையை எடுக்கப் போனால் பானையைக் காணோம். நீலாம்பாள் அம்மா வருஷா வருஷம் பொங்கல் வைத்த பானை. பரணில் அதற்கென்று போட்டிருந்த வைக்கோல் பிரிமணை மட்டும் இருந்தது.

இளஞ்செழியன் வாசலுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அம்சக்கா, பானை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. குரலில்கூட ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் நின்ற அத்தனை தலையும் அம்சம் பக்கம் திரும்பியது. அவள் மஞ்சள் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மார்கழியில பரண் தொடைக்கிறப்ப இருந்துச்சே தம்பி" என்றாள்.

அன்றைக்குச் சில்வர் பானையில் பொங்கல் பொங்கியது. நான் அவளுக்காக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். சாவி வைத்திருக்கிறவளுக்குப் பேர்தான் முதல். ஒரு வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மற்ற சாவிகளும் ஏதாவது சாக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விடும். அவள் குத்தகைக்கு எடுத்திருக்கிற மூணு மா நிலமும் நீலாம்பாள் குடும்பத்து நிலம்தான்.

இளஞ்செழியன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் ஆள் அனுப்பி வாசலில் கேமரா மாட்டினான். கேமராவின் கண்ணாடிமேல் ஒரு பல்லி குடியேறிவிட்டது. சிங்கப்பூரில் உட்கார்ந்து அவன் இரண்டு மாதம் அந்தப் பல்லியின் வயிற்றைத்தான் பார்த்தான். பிறகு ஆடியில் இடி இறங்கி, கேமராவும் போயிற்று, வைஃபை பெட்டியும் போயிற்று.

ஆவணியில் அம்மாவுக்குத் திதி கொடுக்க வந்தபோது பெட்டியில் அந்த மணிகளைக் கொண்டுவந்தான். சிங்கப்பூரில் ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கினதாம். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி, அதன்மேல் சைக்கிள் பெல் மாதிரி ஒரு கிண்ணம், பக்கத்தில் கடிகாரத்துக்கு இருப்பதுபோல் ஒரு முறுக்குச் சாவி. பெட்டியிலிருந்து ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தும்போது நாக்கு மடங்கிக் கொடுக்கும். திறக்கும்போது கதவு அதைத் தட்டிவிட, உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு மணி அடிக்கத் தொடங்கும். பெட்டியின் அடியில் இருக்கிற சின்னக் கொக்கியைத் தள்ளினால்தான் நிற்கும். தள்ளாவிட்டால் ஸ்பிரிங் அடங்குகிறவரை தெருவே அதிரும். வாசல் கதவுக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று, கூடத்து ஜன்னல்களுக்குச் சின்னதாக இரண்டு.

மாட்டி முடித்து அம்சத்தைக் கூப்பிட்டுக் காண்பித்தான்.

"திருட்டுப் பய எவனாவது வந்தா தெருவே எழுந்துரும்க்கா. நீங்க வாராவாரம் வர்றப்ப இதை முறுக்கி மட்டும் வச்சிடுங்க."

அதாவது, சாவி போட்டு முறையாகத் திறந்தாலும் மணி அடிக்கும். திறக்கிறவள் அம்சம் ஒருத்திதான். திருடன் வந்தால் ஊருக்குச் சொல்லும் மணி, வாராவாரம் அம்சம் வந்தாள் என்று ஊருக்குச் சொல்லும். அடங்கிய பிறகு அதை முறுக்கி வைப்பதும் அவள் வேலை.

"சாவியை அவன் மொகத்துல விட்டெறிஞ்சிட்டு வாடி" என்றேன் நான்.

அவள் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். சாவி வேலை இல்லாத நேரத்தில் என்னிடம் ஹூக்கும் ஹெம்மிங்கும் தைப்பாள்.

"குடுத்தா ஆமான்னு ஆயிடும்" என்றாள்.

"எது ஆமான்னு ஆயிடும்?"

"அவரு கேக்காத கேள்விக்கு." நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தப் பானையை நான் தொடல மேகலா. நான் தொடலைன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியறவரைக்கும் சாவி எங்கிட்டதான் இருக்கணும்."

எப்படித் தெரியப்போகிறது என்று கேட்க மனசு வரவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது தெருவே திரண்டுவிட்டது. எங்கள் எதிர்வீட்டு ஞானாம்பாள் அத்தை துடைப்பத்தோடு ஓடினார். உள்ளே அம்சம் கொக்கியைத் தேடிக்கொண்டு, வியர்த்து வழிய நின்றாள். "நான்தான், நான்தான்" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். வாழ்நாளில் அந்த வார்த்தையை அப்படிக் கூனிக் குறுகி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் பாதிப்பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஞானாம்பாள் அத்தை மட்டும் எட்டிப் பார்த்தார். அப்புறம் யாரும் வரவில்லை. அவளும் கை பழகிவிட்டாள். கதவைத் திறந்த வேகத்தில் இன்னொரு கை கொக்கிக்குப் போய்விடும். மணி இரண்டு தட்டு தட்டுவதற்குள் அடங்கிவிடும். கதவைத் தட்டி "அம்சம் வந்திருக்கேன்" என்று சொல்வதை மட்டும் அந்த வீட்டில் விட்டுவிட்டாள். அதைச் சொல்லத்தான் மணி இருக்கிறதே என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகைக்குள் மணி எங்களுக்கு மசூதி பாங்கு, பால்காரர் ஹாரன் மாதிரி ஆகிவிட்டது. மணி அடித்தால் அம்சம் வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏனம் கழுவுகிற நேரம் என்று அர்த்தம். யாரும் தலையைக்கூடத் தூக்குவதில்லை. தீபாவளிக்கு வானதி போன் பண்ணியபோது ஞானாம்பாள் அத்தை இதையே பெரிய வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். "உங்க அண்ணன் திருடனுக்கு மணி கட்டினான்டி. அது அம்சத்துக்குக் கட்டின மணியால்ல ஆயிட்டுது! வெள்ளிக்கிழம அது அடிச்சா நாங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல." அத்தைக்குச் சூதுவாது தெரியாது. வாய்தான் தெரியும்.

இந்த வருஷம் தை மாதம் எனக்குத் தலைக்குமேல் வேலை. கூத்தாநல்லூரில் ஒரு கல்யாணம், மணப்பெண்ணின் அக்கா தங்கைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி ஜாக்கெட். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து அப்சர் பாய் வண்டியில் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மதியம்வரை ஒரு ஜாக்கெட்டுக்கும் ஹூக் வைக்கவில்லை. "அந்த வீட்டுக்கு அப்புறம் போயிக்கறேன்" என்று அம்சம் மதியமே வந்து உட்கார்ந்துவிட்டாள். தன் ஜாக்கெட்டை வாங்க வந்த ஞானாம்பாள் அத்தை, அது தயாராகவில்லை என்று தெரிந்தும், வந்ததுக்கு நாலு பேச்சு பேசிவிட்டுப் போகலாம் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

தெருவில் வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. என் மெஷின் சத்தத்துக்கு நடுவே மணி அடித்தது.

"அம்சம் வந்துட்டா போலருக்கு" என்றார் ஞானாம்பாள் அத்தை, விசிறிக்கொண்டே.

"ம்" என்றேன் நான். மெஷினை நிறுத்தவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, வாயில் ஒரு ஹூக்கைக் கவ்விக்கொண்டு அம்சம் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலையைத் தூக்கினாள். ஹூக்கை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் இங்கல்ல இருக்கேன்?" என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்சமாக இருந்தால் இரண்டு தட்டில் அடங்கியிருக்கும். கொக்கி எங்கே இருக்கிறதென்று தெரியாத யாரோ உள்ளே இருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞானாம்பாள் அத்தைக்கு அந்த உடம்புக்குள் அவ்வளவு ஓட்டம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. நான் கத்தரிக்கோலோடு ஓடினேன். அம்சம் சாவிக்கொத்தோடு ஓடினாள். அத்தை போட்ட சத்தத்தில் கதவுகள் திறந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நீலாம்பாள் அம்மா வீட்டு வாசலில் பூட்டு உடைபடவில்லை. சாவி போட்டுத் திறந்து கொண்டியில் ஒழுங்காகத் தொங்கவிட்டிருந்தது.

"மேகலா, நீ எங்கூட வா. மத்தவங்க இங்கயே நில்லுங்க" என்று அம்சம் சொன்னாள். அவள் அதட்டலாகப் பேசி அன்றுதான் கேட்டேன். எல்லாரும் நின்றார்கள்.

உள்ளே நுழைந்ததும் அவள் கை வழக்கப்படி கொக்கியைத் தள்ளியது. மணி நின்றது. அந்த நிசப்தத்தில் சாமி மாடத்துப் பக்கம் பித்தளை எதிலோ இடிக்கும் சத்தம் கேட்டது.

வானதி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு கட்டைப்பை. அதற்குள் பழைய புடவையில் பாதி சுற்றின குத்துவிளக்கு. அம்சம் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்கி ஏற்றுகிற விளக்கு.

வானதி புடவையை இழுத்து விளக்கை மூடப் பார்த்தாள்.

"அம்மா எனக்குத்தான்னு சொன்னாங்க அம்சக்கா" என்றாள். "இந்தச் சாவியும் அம்மா குடுத்ததுதான். நான் ஒண்ணும்..."

"தெரியும் வானதிம்மா. எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க. விளக்கு உங்களுக்குத்தான்." அம்சம் மாடத்தைப் பார்த்தாள். "பானையும் நீங்கதானே எடுத்தது?"

வானதி தலை குனிந்தாள்.

"பொங்கலன்னைக்குத் தம்பி என்னைக் கேட்டாங்களே, அப்ப நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க. உங்க கைதான் என் தோள்ல இருந்துச்சு."

வானதிக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாளாம். அண்ணியும் மற்றவர்களும் நின்றார்களாம், சொந்த அம்மா வீட்டிலேயே திருடினாள் என்று ஆகிவிடுமே என்று வாய் வரவில்லையாம். ஒரு நாள் தள்ளிப்போனதும் சொல்லவே முடியாமல் போய்விட்டதாம். அண்ணனிடம் பாத்திரத்தைக் கேட்டால் சொத்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வான் என்ற பயமாம். பொய் சொல்கிற அழுகை இல்லை அது. அவள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. அம்மாவின் விளக்குக்கு ஒரு பெண் திருட்டுத்தனமாக வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் பரிதாபமாகக்கூட இருந்தது.

அடுத்த நிமிஷம் எனக்குப் பொறி தட்டியது. அவள் வந்தது வெள்ளிக்கிழமை. அம்சம் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால். மணி அடித்தால் அம்சம் என்று தெரு நினைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அம்சம் மட்டும் என் வீட்டில் ஹூக் தைக்க உட்காராமல், வழக்கம்போல் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தால்? விளக்கைக் காணோம் என்று பேச்சு கிளம்பியிருக்கும். அன்றைக்கு யார் வந்தார்கள் என்று கேட்டிருப்பார்கள். "அம்சம்தான் வந்தா, மணி அடிச்சுதே" என்று நானும் ஞானாம்பாள் அத்தையும் கோயில் வாசலில் நின்று சாட்சி சொல்லியிருப்போம். பொய் சொல்கிறோம் என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

"ஏன் வானதி, விளக்குப் போனா யார் தலையில விழும்னு நீ யோசிக்கவே இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். அம்சம் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

வெளியே சத்தம் கூடிவிட்டது. "யாரு உள்ள? போலீஸுக்குப் போன் போடவா?" என்று ஞானாம்பாள் அத்தையின் குரல்.

வானதி அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. விளக்கை இங்கயே வச்சிடறேன். கொல்லப்பக்கமா போயிடறேன்."

"கொல்லப்பக்கம் வேணாம்" என்றாள் அம்சம். "அங்கயும் ஒரு மணி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அடக்கிக்கொண்டேன்.

அம்சம் குனிந்து, கட்டைப்பையிலிருந்து விளக்கை எடுத்தாள். புடவையைப் பிரித்து மடித்து வைத்தாள். தன் முந்தானையால் விளக்கின் தண்டைத் துடைத்தாள். அதை இரண்டு கையாலும் வானதியிடம் நீட்டினாள்.

"இது உங்க அம்மா விளக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்க, யாரும் தடுக்கமாட்டாங்க. ஆனா பையில வேணாம். கையில வச்சுக்கிட்டு, வாச வழியா, எல்லாரும் பாக்க எடுத்துட்டுப் போங்க. பானையும் உங்ககிட்டதான் இருக்குன்னு உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

அவள் குரல் உயரவே இல்லை. வானதி விளக்கை வாங்கினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் தெருவே நின்றது. வானதி படியில் நின்றாள். கையில் குத்துவிளக்கு.

"ஏ வானதி! நீயா?" என்று ஞானாம்பாள் அத்தை வாயைப் பிளந்தார்.

"நான்தான் அத்தை" என்றாள் வானதி. "எங்க அம்மா விளக்கு. எனக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க." விளக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "பொங்கப்பானையும் எங்கிட்டதான் இருக்கு. நான்தான் எடுத்துட்டுப் போனேன். அம்சக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

எல்லாரும் அம்சத்தைப் பார்த்தார்கள். பொங்கலன்றைக்குத் திரும்பின அதே தலைகள்தான். ஆனால் இந்தத் தடவை கண்கள் தரைக்குப் போய்விட்டன. அம்சம் நிலைப்படியில் சாய்ந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பானை காணாமல்போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மினிபஸ்ஸுக்கு வானதி தனியாக நடந்து போனாள். பாதி வழியில் ஞானாம்பாள் அத்தைக்கு மனசு கேட்காமல், குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்.

கல்யாண ஜாக்கெட்டுகள் அன்றைக்கு முடியவில்லை. வண்டியோடு வந்த அப்சர் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கே வர்றேங்க்கா. இது முக்கியம்" என்று ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே இளஞ்செழியன் அம்சத்துக்குப் போன் போட்டான். வானதியே அவனுக்குப் பேசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அம்சம் என் வீட்டில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் சைகை காட்டினேன். அவள் போடவில்லை. நான் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டேன்.

"அக்கா, நான் உங்கள ஒரு வார்த்தை சொல்லலையேக்கா" என்றான் அவன்.

"சொல்லல தம்பி" என்றாள் அம்சம். "மணிதான் சொல்லுச்சு. வாராவாரம்."

"மன்னிச்சுடுங்கக்கா" என்றான். "நாளைக்கே ஆள அனுப்பறேன். அந்தக் கருமத்தையெல்லாம் கழட்டிடட்டும்."

கழற்று, அடுப்பில் போடு என்று நான் கை ஜாடை காட்டினேன். அம்சம் என்னைப் பார்க்கவில்லை. சுருக்குப்பையின் மேல் கையை வைத்தபடி யோசித்தாள்.

"வேணாம் தம்பி. அது இருக்கட்டும்" என்றாள்.

ஏன் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

சாப்பாடு முடிந்து, நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அம்சம் தெருவில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் ஓர் அகல்விளக்கு. அவள் வீட்டிலிருந்து எடுத்துப் போகிறாள். மாடம் காலியாக இருக்கிறதே. நீலாம்பாள் அம்மா வீட்டு வாசலில் நின்றாள். விரல் முட்டியால் கதவைத் தட்டினாள். "அம்சம் வந்திருக்கேன்" என்றாள். எனக்கு இங்கே கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

கதவைத் திறந்தாள். மணி அடித்தது.

இரண்டு தட்டு ஆயிற்று. நிற்கவில்லை. மேலும் அடித்தது. நான் கையிலிருந்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எதிரே ஞானாம்பாள் அத்தை துடைப்பத்தோடு படியிறங்கிவிட்டார். ஆள் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"யாரு உள்ள?" என்று அத்தை கத்தினார்.

அம்சம் நிலைப்படியில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கொக்கி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நான்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. அகல்விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் முழுக்க அடங்குகிறவரை மணியை அடிக்கவிட்டாள்.